மேடே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் பாதை போடுவது எப்படி

நெதர்லாந்தின் ஃப்ளேவோலாந்து மாகாணம் ஏறக்குறைய முழுக்கவே மனிதர் இறைத்து எடுத்த தரை. 1932-இல் அணை கட்டி அடைக்கும்வரை இது ஸௌடர்ஸே என்ற உள்கடலின் அடிமண். கிழக்குப் பகுதி 1957-இலும் தெற்குப் பகுதி 1968-இலும் வறண்டன. இன்றும் பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்துக்கு 3 முதல் 5 மீட்டர் கீழே. பம்புகள் ஓடுவதால்தான் தரை தரையாக இருக்கிறது. இங்கே ஆல்மேர, லெலிஸ்டாட், ஸேவோல்டே ஊர்களை ஒட்டி நட்டு வளர்த்த காடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பாதை போடுகிறவர்களுக்கான குறிப்பு இது. வேறு எந்த வண்டல் சமவெளியிலும் கணக்குகள் பொருந்தும். அனுமதி விஷயங்கள் மட்டும் மாறும்.

மலையில் பாதை போடுகிறவருக்குச் சரிவு இரண்டு வேலைகளைச் சும்மா செய்து கொடுக்கிறது: வண்டிக்கு வேகம் தருகிறது, மழைநீரை இறக்கிவிடுகிறது. சமதரையில் இரண்டையும் நீங்களே செய்ய வேண்டும். இங்கே வீணாய்ப் போன பாதைகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றை மறந்தவை.

முதலில் மண்ணைப் பாருங்கள்

ஒரே மாகாணத்துக்குள் இரண்டு வகை மண். பழைய நிலத்தையும் இந்தப் புதுத் தரையையும் பிரிக்கும் எல்லை ஏரிகளை ஒட்டிய ரோகெபோட்சாண்ட், ஸ்பைக்-பிரேமர்பெர்க் போன்ற காடுகள் மணற்பாங்கானவை. விவசாயத்துக்கு ஏற்ற மண் இல்லை என்பதால்தான் அங்கே காடு வைத்தார்கள். அங்கே நீர் வடியும், பாதை வருடம் முழுதும் ஓடும். ஆனால் கோடையில் மணல் உதிரியாகி முன்சக்கரம் புதையும். உள்பக்கத்தில் கடற்களிமண். மழையில் சோப்புக்கட்டி, டயரில் அப்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

திட்டம் போடும் முன் 50 மீட்டருக்கு ஒரு குழி, 60 செ.மீ. ஆழத்துக்குக் ஆகர் என்ற கைத்துளைக் கருவியால் துளைத்துப் பாருங்கள். எடுத்த மண்ணை ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி பிதுக்குங்கள். 5 செ.மீ.க்கு மேல் முறியாமல் நீண்டால் நல்ல களி. அப்படியே மேற்பரப்பாக விடக்கூடாது. 2–3 செ.மீ.யில் முறிந்தால் பாதைக்கு வாய்த்த மண். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். குழியில் மறுநாள் காலை நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் அது தரையிலிருந்து 40 செ.மீ.க்குள் இருந்தால் அந்த இடத்தில் தரைமட்டப் பாதை வேண்டாம்.

யாரிடம் கேட்க வேண்டும்

காடு பெரும்பாலும் அரசு வனத்துறையான ஸ்டாட்ஸ்போஸ்பெஹேர் அல்லது ஃப்ளேவோ-லாண்ட்ஸ்காப் அமைப்பின் கையில். நீரும் கால்வாய்களும் கரைகளும் ஸௌடர்ஸேலாந்து நீர் வாரியத்தின் பொறுப்பு. நில உரிமையாளர் சரி என்றாலும், வாய்க்காலைத் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் வாரியத்தின் ஒப்புதல் தனியாக வேண்டும். 2024 ஜனவரி முதல் இந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே இணையச் சாளரம் வழியாகப் போகின்றன. ஏரியைத் தடுத்து நிற்கும் முதன்மைக் கரையில் மண்வெட்டி வைக்க அனுமதி கிடைக்கும் என்று கனவிலும் எண்ண வேண்டாம். ஊரே அதன் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது.

இயந்திரம் வைத்துத் தோண்டினால் நிலப்பதிவுத் துறையிடம் புதைகேபிள் வரைபடம் கேட்டு வாங்குவது சட்டப்படி கட்டாயம். இன்னொன்றும் இந்த மண்ணுக்கே உரியது: கடல்தரையாக இருந்ததால் நூற்றுக்கணக்கான பழைய கப்பல்களின் சிதைவுகளும் இரண்டாம் உலகப்போரில் விழுந்த விமானங்களும் இங்கே புதைந்திருக்கின்றன. தொல்லியல் வரைபடத்தில் குறி இருந்தால் அங்கே தோண்டாமல் மேலே மண் கொட்டி மட்டும் பாதை போடுங்கள். தோண்டும்போது கருத்த மரச்சட்டமோ உலோகமோ தட்டினால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

பறவைகள் கூடு கட்டும் மார்ச் நடுவிலிருந்து ஜூலை நடுவரை காட்டில் வேலை இல்லை. களிமண் காயவும் வேண்டும், குளிர்கால மழைக்கு முன் இறுகவும் வேண்டும். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர், பிந்தினால் அக்டோபர் தொடக்கம். நவம்பரில் கட்டிய களிமண் மேடு வசந்தம் வரை சேறாகவே கிடக்கும்.

கோடு போடுவது

இந்தக் காடுகளில் மரங்கள் வயல் நாற்று மாதிரி நேர்வரிசையில் நிற்கும். வரிசையோடு சேர்த்துப் பாதை விட்டால் 200 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுகிறவருக்கு அலுப்பு, பக்கத்துச் சுற்றும் தெரிவதால் குறுக்கே வெட்டிப் போகவும் ஆசை வரும். வரிசைகளை 30 முதல் 45 பாகையில் குறுக்கிட்டுப் போங்கள். நேர் ஓட்டம் 30 மீட்டரைத் தாண்டாமல் பாருங்கள். ஹேண்டில்பார் 78 செ.மீ. அகலம் வரும்; இரண்டு மரங்களுக்கு நடுவே குறைந்தது 1.2 மீட்டர் விடுங்கள்.

அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 12–15 மீட்டர், நடுவில் புதர். கணக்குப்படி ஒரு ஹெக்டேரில் 800 மீட்டர் பாதை திணிக்கலாம். திணிக்காதீர்கள். 6 கி.மீ. பாதைக்கு 15–20 ஹெக்டேர் இருந்தால்தான் காட்டுக்குள் ஓட்டுகிற உணர்வு வரும். இல்லாவிட்டால் சந்தைக் கூட்டத்தில் சைக்கிள் விட்டது போல இருக்கும்.

மரத்தையும் பார்த்துப் போங்கள். 2010-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட ஆஷ் மர நோய் இந்தக் காடுகளை மோசமாகத் தாக்கியிருக்கிறது. பட்ட ஆஷ் மரம் வேர் அழுகி, காற்றில்லாத நாளிலும் சாயும். அதன் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போங்கள், அல்லது வெட்டிய பிறகு வாருங்கள். பாப்லர் மரம் கிளையை எதிர்பாராமல் உதிர்க்கும். நிலத்தடி நீர் மேலே இருப்பதால் அதன் வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடி, ஐந்தாறு வருடத்தில் பாதையைக் கீழிருந்து தூக்கிவிடும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். திறந்தவெளியில் போக வேண்டிய துண்டைச் சுற்றின் முதல் பாதியில் எதிர்காற்றாகவும், மேடும் தாவலும் உள்ள துண்டை வடகிழக்கு நோக்கியும் வையுங்கள். களைத்த காலுக்குப் பின்காற்றாவது கிடைக்கட்டும்.

வேகக் கணக்கு

சமதரையில் ஓட்டுகிறவர் கொண்டுவரும் வேகம்தான் உங்கள் மலை. மிதிக்காமல் ஏறினால் எவ்வளவு உயரம் ஏறலாம்? மணிக்கு 15 கி.மீ. வேகம் 0.9 மீட்டர் உயரத்துக்குச் சமம், 20 கி.மீ. என்றால் 1.6 மீட்டர், 25 என்றால் 2.5. இது உராய்வு இல்லாத ஏட்டுக் கணக்கு. உண்மையில் 70 சதவீதம்தான் கைக்கு வரும். 20 கி.மீ. வேகத்தில் வருகிறவர் 1 மீட்டர் மேட்டின் உச்சியில் ஏட்டுக் கணக்கிலேயே 12 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுவார். அதே மேட்டை 1.5 மீட்டராக உயர்த்தினால் உச்சியை எட்டும் முன்பே நின்றுவிடுவார்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு இங்கேதான். கிடைத்த மண்ணையெல்லாம் ஓரிடத்தில் குவித்து 3 மீட்டர் மேடு எழுப்பி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள். ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, இறங்கிய வேகம் அடுத்த 40 மீட்டரில் கரைந்துவிடும். அதே மண்ணில் நாற்பது, ஐம்பது சிறு மேடுகள் வந்திருக்கும்.

சிறு மேட்டுத் தொடருக்கு, அதாவது ரோலருக்கு, உயரம் ஒன்று என்றால் உச்சிக்கு உச்சி தூரம் பத்து. 20 கி.மீ. வேகத்துக்கு 40 செ.மீ. உயரம், 4 மீட்டர் இடைவெளி. மெதுவான இடத்தில் 30 செ.மீ., 3 மீட்டர். ஓட்டுகிறவர் உடலை அழுத்தித் தூக்கி மிதிக்காமலே வேகத்தைக் காப்பாற்றும் தாளம் இதில் கிடைக்கும். இடைவெளி ஒன்றுக்கொன்று அரை மீட்டர் மாறினாலும் தாளம் தப்பும். கண்ணளவு போதாது, நாடா பிடித்து, ஒவ்வோர் உச்சியிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூன்று அல்லது ஐந்து மேடுகளுக்குப் பிறகு ஒரு திருப்பம் வரட்டும்.

1.5 மீட்டர் அகலப் பாதையில் இப்படி ஒரு மேட்டுக்கு, பக்கச் சரிவையும் சேர்த்து, இறுகிய மண் 1.6 கன மீட்டர் வேண்டும். உதிரியாக 2 கன மீட்டர். 80 லிட்டர் தள்ளுவண்டியில் 25 நடை. இரண்டு பேர் அரை நாளில் முடிக்கலாம், மண் 20 மீட்டருக்குள் இருந்தால். 60 மீட்டர் தள்ளி இருந்தால் ஒரு நாள் முழுசாகப் போகும், முதுகும் போகும்.

திருப்பத்தில் வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டும் பேர்முக்கும் இப்படித்தான். 5 மீட்டர் ஆரத் திருப்பத்தை 20 கி.மீ. வேகத்தில் எடுக்க, பிடிப்பை நம்பாமல் நிற்க 32 பாகைச் சாய்வு வேண்டும், 15 கி.மீ.க்கு 20 பாகை, 25 கி.மீ. என்றால் 44. டயரின் பிடிப்பும் உதவுவதால் 25–30 பாகை போதும். வீடியோக்களில் பார்க்கும் 45 பாகைச் சுவர் மலையிறக்க வேகத்துக்கானது. சமதரையில் அதைக் கட்டினால் யாரும் மேலே ஏற மாட்டார்கள்; எல்லோரும் அடிவாரத்திலேயே ஓட்டி அங்கே பள்ளம் தோண்டி, மழைக்குக் குளம் கட்டித் தருவார்கள்.

80 செ.மீ. உயரத்தில் 90 பாகைத் திருப்பத்துக்கு ஒரு பேர்ம் கட்ட இறுகிய மண் 10 கன மீட்டருக்கு மேல் போகும். ஆறு மேட்டின் மண். சாய்ந்த முகத்துக்கு எவ்வளவோ அவ்வளவு மண் முதுகுப்பக்கத்துக்கும் வேண்டும். அதைக் குறைத்துச் செங்குத்தாக விட்டால் முதல் குளிர்காலத்திலேயே பின்பக்கம் சரியும்.

மண் எங்கிருந்து

பாதையின் ஓரத்திலேயே தோண்டி எடுக்காதீர்கள். ஓரக்குழி என்பது பாதைக்கு நீங்களே வெட்டிய வாய்க்கால். ஓரிடத்தில் ஆழமில்லாத குளம் ஒன்று வெட்டுங்கள்: 10 × 10 மீட்டர், சராசரி 60 செ.மீ. ஆழம், 60 கன மீட்டர் மண். தவளை, தேரைகளுக்கு ஏற்றபடி வடகரையை 1:5 என்று மெல்லச் சரித்து விட்டால், வெயில் படும். வனத்துறையும் பாதைக்கு வேண்டா வெறுப்பாகத் தலையாட்டாமல் குளத்துக்காகவே மகிழ்ந்து ஒப்புக்கொள்ளும். ஆனால் ஏரிக்கரைக்கு அருகே வெட்டும்போது எச்சரிக்கை: ஏரி நீரின் அழுத்தம் மணல் அடுக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே மூடியிருக்கும் களிமண்ணைச் சீவிவிட்டால் ஊற்று பீறிட்டு, அடைக்க முடியாமல் போகும். வெட்டும் ஆழத்தை வாரியத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியிலிருந்து மண் வாங்கினால் தரச் சான்றோடு வாங்குங்கள். இடித்த கட்டடக் கழிவு மலிவாகக் கிடைக்கும். அதில் அஸ்பெஸ்டாஸ் இருந்தால் மொத்தப் பாதையையும் உங்கள் செலவில் அள்ள வேண்டும்.

பாதையின் உடல்

மலைக் கையேடுகள் எல்லாம் இலைமக்கையும் கருமண்ணையும் 10–15 செ.மீ. சீவி எடுத்துவிட்டு அடிமண்ணில் ஓட்டச் சொல்லும். இங்கே சீவுவது சரி, அப்படியே விடுவதுதான் தவறு. சீவிய கையோடு பாதை சுற்றுத்தரையைவிட 15 செ.மீ. தாழ்ந்துவிட்டது. முதல் மழையில் நீர் நிற்கும். ஓட்டுகிறவர்கள் குட்டையைச் சுற்றி ஓட்டுவார்கள். 1 மீட்டர் பாதை ஒரு வருடத்தில் 4 மீட்டர் சகதியாகும். ஆகவே சீவிய ஆழத்தை அடிமண்ணால் நிரப்பி, அதற்கு மேலும் உயர்த்துங்கள்.

ஈரமான துண்டுகளில் குறுக்கு வெட்டு இப்படி: அடியில் 2 மீட்டர் அகலம், மேலே 1.2 மீட்டர், உயரம் 20–25 செ.மீ., நடுவில் 4–5 செ.மீ. முதுகு. வயல் வரப்பைக் கொஞ்சம் அகலமாக எண்ணிக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 0.35 கன மீட்டர் மண் பிடிக்கும். 100 மீட்டருக்கு 35. இந்தச் செலவுதான் முழுப் பாதையையும் உயர்த்தாமல், துளைத்துப் பார்த்ததில் ஈரம் என்று தெரிந்த இடங்களை மட்டும் உயர்த்தச் சொல்கிறது. அடித்தளம் காலடி வைத்தால் குழைகிற இடத்தில் முதலில் மண்ணைத் தாங்கி நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். ஓரங்களில் 20 செ.மீ. மண்ணால் மூடுங்கள். மூடாவிட்டால் ஒரு வருடத்தில் துணி வெளியே தலைகாட்டிச் சக்கரத்தில் மாட்டும்.

மேற்பரப்புக்கு மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு களியும் நன்றாகக் கலந்து 8–10 செ.மீ. போடுங்கள். களிமண்மேல் கொஞ்சம் மணல் தூவினால் சரியாகும் என்று நினைப்பது பரவலான பிழை. மணல் கால்வாசி மட்டும் இருந்தால் செங்கல் சூளைக்கு மண் பிசைந்த கதைதான். நெதர்லாந்தில் சைக்கிள் பாதைகளுக்குப் போடும் கிளிஞ்சல் தூள் இறுகிப் பிடிக்கும், நீரும் வடியும். ஆனால் நேர்ப் பாதைக்கு மட்டும். பேர்ம் முகத்தில் நிற்காது, வழுக்கும்.

அடுக்கு 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் அடுக்கையும் 80–100 கிலோ தகட்டு அதிர்வியால் மூன்று தடவை இறுக்குங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. தூளானால் பூவாளியால் தெளியுங்கள். அப்பளம் போல் தட்டையானால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஈரக் களியை அதிர்வியால் அடித்தால் அது இறுகாது, ஜெல்லி மாதிரி ஆடும். கைமுட்டியளவு களிக்கட்டிகளை உடைக்காமல் போட்டால் நடுவே காற்றிடம் நின்று பிறகு அங்கே மட்டும் அமுங்கும். எவ்வளவு இறுக்கினாலும் முதல் குளிர்காலத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கும். ரோலர்களை 40 வேண்டுமென்றால் 45-ஆகக் கட்டுங்கள். சீவி வைத்த கருமண்ணைப் பக்கச் சரிவுகளில் பூசிப் புல் விதையுங்கள்.

வாய்க்கால்கள்

நிலம் மீட்ட காலத்தில் வெட்டிய சிறு வடிகால்கள் காட்டுக்குள் வரிசையாக ஓடும். அவை தடை மாதிரி தெரியும். உண்மையில் இந்த ஊர் சும்மா தரும் ஒரே ஏற்ற இறக்கம் அவைதான். 40–60 செ.மீ. ஆழமுள்ளவற்றைச் சாய்வாகக் குறுக்கிட்டால் இயற்கை ரோலர். அடித்தரையில் 10–15 செ.மீ. கற்களை நெருக்கமாகப் பதித்து, மேல்மட்டம் வாய்க்கால் தரையோடு சமமாக இருக்கும்படி விடுங்கள். ஒரு விரல் உயர்ந்தாலும் மேல்பக்கம் நீர் தேங்கும். வருடம் முழுதும் ஓடும் வடிகாலில் 25 செ.மீ. விட்டமுள்ள குழாயைப் போட்டு மேலே குறைந்தது 30 செ.மீ. மண் மூடுங்கள். மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு வடிகாலைத் தூர்த்தால் மேல்பக்கத்து மரங்கள் ஒரு பருவத்தில் மஞ்சளாகும்.

பாலம் வேண்டுமென்றால் 3 மீட்டர் இடைவெளிக்கு 10 × 20 செ.மீ. உத்தரம் இரண்டு, மேலே 4 செ.மீ. பலகை, 1.2 மீட்டர் அகலம். ஓக் அல்லது ரொபீனியா மரம். பலகைகளுக்கு நடுவே 1 செ.மீ. விடுங்கள், நீரும் சேறும் இறங்கட்டும். நிழலும் ஈரமும் சேர்ந்து ஒரே மாதத்தில் பாசி பிடிக்கும். கம்பிவலையோ மணல் பதித்த பட்டையோ அடிக்காத பாலம் பனிச்சறுக்கு மேடைதான். பாலத்தில் திருப்பம் வைக்காதீர்கள், முன்னும் பின்னும் 5 மீட்டர் நேராக விடுங்கள். வாரியம் படகு விட்டுப் புல் அறுக்கும் பெரிய கால்வாய்களில் புதுப் பாலம் கேட்டு வருடங்களை வீணாக்குவதைவிட, இருக்கும் பாலத்துக்குப் பாதையைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

நடைபாதையைக் குறுக்கிடும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க விட்டு, 10 மீட்டர் முன்பே இறுக்கமான இரட்டை வளைவு வையுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையை யாரும் படிப்பதில்லை. வளைவு பேசினால் கேட்பார்கள்.

திறந்த பிறகு

உரம் மிக்க கடல்மண்ணில் செந்தட்டியும் முள்ளும் கோடையில் வாரத்துக்கு ஒரு சாண் வளரும். கூடு கட்டும் காலத்துக்கு முன்பு ஒன்று, பிறகு இரண்டு என வருடத்துக்கு மூன்று அறுப்பு வேண்டும். நடுவில் பாதையை மறைக்கும் தண்டுகளைக் கையால் ஒதுக்கினால் போதும். இலையுதிர் காலத்தில் பாதைமேல் விழும் இலையைத் தள்ளிவிடுங்கள். விட்டால் அது மக்கி, நீங்கள் சீவி எடுத்த அதே கருமண்ணாகத் திரும்பி வரும்.

மழையைவிடப் பாதையைக் கெடுப்பது பனி உருகும் நாள். மேல் 3 செ.மீ. இளகியும் கீழே உறைந்தும் இருக்கும்போது நீர் இறங்க வழியில்லை. ஒரு காலை நேரத்து ஓட்டம் ஒரு பருவத்து வேலையை உழுதுவிடும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாள்களில் பாதையை மூடுங்கள். நன்றாக உறைந்திருக்கும் காலையில் தாராளமாக ஓட்டலாம்.

பாதையில் குட்டை தெரிந்தால் கல்லோ மரத்தூளோ கொட்டாதீர்கள். மரத்தூள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முதலில் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டி நீரை வெளியே விடுங்கள், காயட்டும், பிறகு சுற்றுத்தரையைவிட உயரும்வரை மணல்–களிக் கலவை போட்டு இறுக்குங்கள்.

நீர்மட்டம் திடீரென்று ஏறினால், நீரில் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்கைத் தேடுங்கள். லெலிஸ்டாட் இயற்கைப் பூங்காவிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள் இன்று மாகாணமெங்கும் வாழ்கின்றன. ஒரு வடிகாலை ஓரிரு இரவில் அடைத்துவிடும். அவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை, அணையைக் கையால் பிரிக்கக்கூடாது. வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை அந்தத் துண்டை மூடி, மாற்றுவழிக்கு முளை அடியுங்கள். பெரும்பாலும் அந்த மாற்றுவழியே நிரந்தரமாகும் என்பதால் அதையும் துளைத்துப் பார்த்தே போடுங்கள்.